ஒன்பது டிரம் கம்பி

கம்பி குரலைச் சுமப்பதற்கு ஓர் எல்லை உண்டு. அந்த எல்லைக்கு மேல் எத்தனை கெஞ்சினாலும் சுமக்காது. இதைத் தெரிந்துகொள்ளப் பெரிய படிப்பெல்லாம் வேண்டாம், இரண்டு காது இருந்தால் போதும். இவ்வளவு சின்ன விஷயத்தைத் துரையிடம் போய்ச் சொல்ல அந்தப் பட்டாளத்தில் ஒருத்தனுக்கும் வாய் வரவில்லை. அதை நினைத்தால் இந்த வயதிலும் எனக்கு வயிறு எரிகிறது. வாய் வராதவர்களில் நானும் ஒருத்தன் என்பதால் எரிச்சல் இன்னும் கூடுதல்.

யுத்த காலம் அது. ஆவடியில் பட்டாளம் வந்து இறங்கி, பொட்டல் முழுக்க முள்வேலியும் தகரக் கொட்டகையுமாக ஆகியிருந்தது. அயனம்பாக்கத்தில் ஏர் பிடித்துக்கொண்டிருந்தவர்களில் பாதிப் பேர் அங்கே மண் வெட்டவும் பெட்டி தூக்கவும் போனார்கள். எனக்குக் கம்பி வேலை கிடைத்தது. போன் கம்பியைத் தோளில் சுமப்பது, இழுத்துப் போடுவது, அறுந்தால் முடிச்சுப் போடுவது, இவ்வளவுதான். இருபத்திரண்டு வயதில் அது எனக்குப் பெரிய உத்தியோகமாகத் தெரிந்தது. காக்கிச் சட்டை போட்டுக்கொண்டு ஊருக்குள் நடந்தால் கழுத்து தானாக நிமிரும். சனியன் பிடித்த கழுத்து.

எங்களுக்கு மேலே ஒரு மேஸ்திரி. பட்டணத்திலிருந்து வந்தவன். அப்போது நான் அவனை 'ஐயா' என்றுதான் கூப்பிட்டேன், இப்போது எழுத உட்கார்ந்தால் 'அவன்' என்றுதான் வருகிறது, வந்துவிட்டுப் போகட்டும். துரையின் இங்கிலீஷை எங்களுக்குத் தமிழில் சொல்வதும், எங்கள் தமிழைத் துரைக்கு இங்கிலீஷில் சொல்வதும் அவன்தான். நடுவில் அவன் எதைக் கூட்டினான், எதைக் குறைத்தான் என்பது எங்களுக்கும் தெரியாது, துரைக்கும் தெரியாது.

ஆவடியிலிருந்து பூந்தமல்லிக்கு ஒரு போன் போட வேண்டும் என்று உத்தரவு வந்தது. பூந்தமல்லியில் பெட்ரோல் பீப்பாய்களை அடுக்கி வைத்த கிடங்கு ஒன்று இருந்தது. தீப்பிடித்தாலோ ஜப்பான்காரன் குண்டு போட்டாலோ ஆவடிக்கு உடனே சேதி வர வேண்டும், அதற்காக. பருத்திப்பட்டு வழியாக நேராக இழுத்திருந்தால் ஆறு டிரம் கம்பி போதும். ஒரு டிரம் ஏறக்குறைய ஒரு மைல். ஆனால் துரை வரைபடத்தில் கோடு போட்டபோது அந்தக் கோடு கிழக்கே வளைந்து எங்கள் அயனம்பாக்கம் ஏரிக்கரைக்கு வந்து, அங்கிருந்து திரும்பி, குமணன்சாவடி வழியாகப் பூந்தமல்லிக்குப் போனது. மொத்தம் ஒன்பது டிரம். ஏன் அந்த வளைவு என்கிறீர்களா? ஞாயிற்றுக்கிழமைதோறும் துரை எங்கள் ஏரிக்குக் காட்டு வாத்து சுட வருவார். சுட்டுக்கொண்டிருக்கும்போது ஆவடியிலிருந்து யாராவது கூப்பிட்டால் சேதி வந்து சேர அங்கேயும் ஒரு போன் வேண்டுமாம். வாத்துக்காக மூன்று மைல் சுற்றினோம் நாங்கள், தோளில் டிரம்மோடு, சேற்றில்.

கம்பியோ மெல்லிசு. தடித்த செப்புக் கம்பியெல்லாம் சண்டை நடக்கும் இடத்துக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள். ஒவ்வொரு டிரம் முடிந்ததும் அடுத்ததை முறுக்கிச் சேர்த்து, கையோடு கொண்டுபோன போன் பெட்டியை மாட்டி, ஆவடியில் இருந்த குமாஸ்தாவைக் கூப்பிட்டுப் பார்ப்போம். முதல் டிரம் முடிவில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து வெற்றிலை மெல்வது போலக் கேட்டது. நாலாவதில் ஏரிக்கு அக்கரையிலிருந்து பேசுவது போல. வயல் தண்ணீரில் கம்பி கிடந்த இடங்களில் குரல் இன்னும் மங்கியது. ஆறாவதில் கொசு ரீங்காரம். ஏழாவது டிரம் முடிந்து குமணன்சாவடிக்கு முன்னால் பெட்டியை மாட்டினேன். கைப்பிடியைச் சுற்றினேன், பதிலுக்கு மணி அடித்தது. எடுத்துக் காதில் வைத்தேன். ஒன்றும் இல்லை. மணி மட்டும் வருகிறது, பேச்சு வரவில்லை. மணிக்கு இருக்கிற முரட்டுத்தனம் மனிதக் குரலுக்கு இல்லை, மணிதான் அதிக தூரம் ஓடும் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

மேஸ்திரியிடம் சொன்னேன். ஐயா, இந்தக் கம்பியில் இதற்கு மேல் பேச்சு போகாது, நேர் வழியாகப் போட்டால் போகும் என்றேன். அவன் என்னை ஏற இறங்கப் பார்த்தான். துரை போட்ட கோட்டைத் தப்பென்று சொல்ல நீ யார்டா என்று கேட்டான். பிறகு கொஞ்சம் யோசித்துவிட்டு, துரைக்காக ஏரிக்கரையில் போட்ட கொட்டாயில் இருக்கிற போனில் இரண்டு பக்கமும் கேட்கிறதா என்றான். கேட்கிறது என்றேன். அது நட்டநடுவில் இருந்தது, கேட்காமல் என்ன. அப்படியானால் நீ அங்கே உட்கார்ந்துகொள், ஆவடி சொல்வதைப் பூந்தமல்லிக்குத் திருப்பிச் சொல், பூந்தமல்லி சொல்வதை ஆவடிக்குச் சொல், கம்பி பேசிவிடும் என்றான்.

அப்படித்தான் அந்தக் கம்பி பேசியது. திறப்பு நாளில் துரை ஆவடியில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். துரைமார் போனைத் தாங்களே எடுக்க மாட்டார்கள், குமாஸ்தாவிடம் சொல்வார்கள், குமாஸ்தா தமிழில் பேசுவார். பீப்பாய்களெல்லாம் பத்திரமா என்று கேட்கச் சொன்னார். குமாஸ்தா கேட்டார், கீற்றுக் கொட்டாயில் உட்கார்ந்து நான் அதையே பூந்தமல்லிக்குக் கேட்டேன், பத்திரம் என்றார்கள், பத்திரம் என்றேன். துரை மேஸ்திரியின் முதுகில் தட்டிக் கொடுத்தாராம். கீழே இருந்த அத்தனை பேருக்கும் தெரியும், மேலே இருந்த ஒருத்தருக்கும் தெரியாது. நாலு மாதம் இப்படியே ஓட்டினோம். வாத்து சுட வருகிற ஞாயிற்றுக்கிழமைகளில் துரை என்னைப் பார்த்துத் தலையசைப்பார். நான் அங்கே காவலுக்கு இருப்பதாக அவர் நினைப்பு.

நானும் அந்த வேலையில் பெருமைப்பட்டேன் என்பதைச் சொல்லாமல் விடக்கூடாது. என் தொண்டை இல்லாவிட்டால் ஆவடியும் பூந்தமல்லியும் ஊமை என்று அக்காவிடம் பீற்றிக்கொண்டதுகூட இல்லை, ஏனென்றால் யாரிடமும் சொல்லக்கூடாது என்று மேஸ்திரி சத்தியம் வாங்கியிருந்தான். சொல்லியிருக்கலாம். அக்காவிடமும் அவள் புருஷனிடமும் மட்டுமாவது சொல்லித் தொலைத்திருக்கலாம்.

அக்காவை அயனம்பாக்கத்திலேயேதான் கொடுத்திருந்தோம். அவள் புருஷனை மாமா என்று கூப்பிடுவேன். ஏரிப் பாசனத்தில் கொஞ்சம் நிலம் வைத்திருந்தார். அதிகம் பேசாத ஆள். கம்பி அவர் வயலின் வரப்போரமாகத்தான் போனது. மாடு மிதித்து அறுத்துவிடாமல் இருக்க அவரே வரப்பை வெட்டி, கம்பியைப் புதைத்து, மேலே மண் போட்டு மிதித்து வைத்திருந்தார். ஒரு நாள் கேட்டேன், உங்களுக்கு எதற்கு மாமா இந்த வேலை என்று. "உன் கம்பியாச்சே மச்சான்" என்றார், அவ்வளவுதான்.

அவர் பெண் குழந்தைக்குக் காது குத்து வைத்தார்கள். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும், அந்த மடி என்னுடையது. மேஸ்திரியிடம் இரண்டு மணி நேரம் லீவு கேட்டேன். வியாழக்கிழமை யாரும் பேச மாட்டார்கள், போய்விட்டு வா என்று அவனே சொன்னான். இதை அடிக்கோடிட்டுச் சொல்கிறேன், அவனே சொன்னான். முந்தின நாள் பந்தல் போடும்போது கயிறு பற்றவில்லை என்று மாமா சொன்னதால், டிரம் முடிவில் மிச்சமாகக் கிடந்த துண்டுக் கம்பிகளைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். குப்பையில் போட வேண்டிய துண்டுகள். அதை வைத்து மூங்கிலைக் கட்டினார்.

காலை பத்து மணி இருக்கும். ஆசாரி ஊசியை இழுத்துவிட்டார், குழந்தை ஊரைக் கூட்டி அழுகிறது, நான் வெல்லத்தை அதன் வாயில் வைத்துச் சமாதானம் பண்ணிக்கொண்டிருக்கிறேன். அதே நேரத்தில் பூந்தமல்லியில் என்ன நடந்தது என்பது எனக்குப் பிறகுதான் தெரியும். பட்டணத்திலிருந்து பெரிய துரை ஒருவர் சொல்லாமல் கொள்ளாமல் கிடங்கைப் பார்க்க வந்திருக்கிறார். ஆவடிக்குப் பேசு பார்ப்போம் என்று கிடங்குக் குமாஸ்தாவிடம் சொல்லியிருக்கிறார். குமாஸ்தா சுற்றுகிறார், மணி போகிறது, மணி வருகிறது, பேச்சு இல்லை. கொட்டாயில் நான் இல்லையே. பெரிய துரை கொதித்துப் போய் ஆவடிக்கே வண்டியை விட்டு, எங்கள் துரையை எல்லார் முன்னாலும் வாங்கு வாங்கென்று வாங்கியிருக்கிறார். எங்கள் துரை மேஸ்திரியைப் பிடித்துக் கேட்டார். என்ன பதில் சொல்வான் அவன்? கம்பியை யாரோ அறுத்துவிட்டார்கள் என்று சொல்லிவிட்டான்.

நாடு முழுக்க ஆங்காங்கே தந்திக் கம்பி அறுக்கிறார்கள், தண்டவாளம் பெயர்க்கிறார்கள் என்று பேச்சு இருந்த காலம். துரைக்கு அந்த ஒரு வார்த்தை போதும். அறுத்தவனைப் பிடி என்றார்.

பந்தலுக்குள் சாப்பாடு பரிமாற இலை போட்டுக்கொண்டிருந்தபோது லாரி வந்து நின்றது. நாலு சிப்பாய், முன்னால் மேஸ்திரி. ஊரில் கம்பி யார் வயல் வழியாகப் போகிறது என்று அவனுக்குத் தெரியும், வந்து பார்த்தால் பந்தலில் கட்டியிருக்கிறது பட்டாளத்துக் கம்பி. அவன் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது பாருங்கள், அதை நான் சாகிற வரைக்கும் மறக்க மாட்டேன். மூங்கிலிலிருந்து ஒரு துண்டை அவிழ்த்துச் சிப்பாயிடம் காட்டினான். மாமாவின் கையைப் பின்னால் கட்டினார்கள். அவர் என்ன ஏது என்று கேட்கவில்லை, என்னைத்தான் பார்த்தார்.

நான் என்ன செய்தேன்? குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அந்தத் துண்டு நான் கொடுத்தது என்று முனகினேன். முனகல்தான், அதற்குப் பெயர் சொல்வது இல்லை. மேஸ்திரி என் பக்கம் குனிந்து, இந்த நிமிஷமே கொட்டாய்க்கு ஓடு, இல்லாவிட்டால் இரண்டு பேரும் ஒரே கயிற்றில் போவீர்கள் என்றான். அக்கா லாரிக்குப் பின்னால் ஓடினாள். நான் கொட்டாய்க்கு ஓடினேன். தூ.

போய் உட்கார்ந்து மூச்சு வாங்குவதற்குள் மணி அடித்தது. ஆவடி குமாஸ்தா. பூந்தமல்லிக்கு ஒரு சேதி சொல்லப்பா என்றார். அயனம்பாக்கத்து வயலில் கம்பி அறுபட்டிருந்தது, அறுத்தவனைப் பிடித்துவிட்டோம், கம்பியைச் சேர்த்தாகிவிட்டது, இதுதான் சேதி. துரை பக்கத்தில் நிற்கிறார், சொல்லிவிடப்பா என்றார். சொன்னேன். என் அக்கா புருஷன் கம்பியை அறுத்தான் என்று என் வாயாலேயே, ஒரு வார்த்தை சிந்தாமல், பூந்தமல்லிக்குச் சொன்னேன். நல்லது என்று அங்கிருந்து பதில் வந்தது. அதையும் ஆவடிக்குச் சொன்னேன். கம்பி சரியாகிவிட்டது என்று துரைக்கு நிரூபணம் ஆகிவிட்டது. அந்த நாக்கை அன்றைக்கே பிடுங்கி ஏரியில் எறிந்திருக்க வேண்டும்.

மறுநாள் விடிந்ததும் அக்கா கொட்டாய்க்கே வந்துவிட்டாள், இடுப்பில் குழந்தை. அதன் காது இரண்டும் வீங்கியிருந்தது. மாமாவை முகாமிலேயே ஓர் அறையில் அடைத்து வைத்திருக்கிறார்கள், மத்தியானம் போலீஸ் வண்டி வந்து பட்டணத்துக்குக் கொண்டுபோகுமாம், கம்பி அறுத்த கேஸுக்குச் சவுக்கடியும் உண்டு, ஜெயிலும் வருஷக்கணக்கில் உண்டு என்று வாசல் சிப்பாய் சொன்னானாம். இதைச் சொல்லும்போது அவள் அழவில்லை. கொட்டாயை, போனை, என்னை மாறி மாறிப் பார்த்தாள்.

"டேய், அவுரு அறுக்கல. அப்பறம் இன்னாத்துக்குடா கம்பி நேத்து பேசல?"

சொன்னேன். நாலு மாதமாக அடைத்து வைத்திருந்தது முழுவதையும் கொட்டினேன், டிரம், வாத்து, என் தொண்டை, எல்லாம். அவள் பொறுமையாகக் கேட்டாள்.

"இத்த என்கிட்ட சொல்லி இன்னா புண்ணியம்? அந்த வெள்ளக்காரன்கிட்ட போய் சொல்லு" என்றாள். பிறகு என் சட்டையைப் பிடித்து எழுப்பினாள்.

கொட்டாயைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு ஆவடிக்கு நடந்தோம். அக்காவை வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். காக்கிச் சட்டை போட்டிருந்ததால் என்னை உள்ளே விட்டார்கள். துரை மேஜைக்குப் பின்னால் இருந்தார், குமாஸ்தா போன் பக்கத்தில், மேஸ்திரி சுவரோரம். நான் தமிழில் பேச ஆரம்பித்தேன். கம்பியை யாரும் அறுக்கவில்லை, நீளம் அதிகம், அதனால் பேச்சு போகவில்லை, இத்தனை நாளும் நடுவில் நான் பேசினேன் என்றேன். மேஸ்திரி ஏதோ இங்கிலீஷில் சொன்னான். துரை என்னை இரக்கமாகப் பார்த்துத் தலையாட்டினார். நான் சொன்னதற்கு அந்த இரக்கம் பொருந்தவே இல்லை. சொந்தக்காரனுக்காக மன்னிப்புக் கேட்க வந்திருக்கிறான் என்று அந்தப் படுபாவி சொல்லியிருக்கிறான், பிறகு குமாஸ்தா சொல்லித் தெரிந்தது.

இனி இவன் வாய் வழியாக என் பேச்சு போகப் போவதில்லை என்று தெரிந்துவிட்டது. நேராகப் போனுக்குப் போனேன். குமாஸ்தா விலகிக்கொண்டார். கைப்பிடியைப் பிடித்துச் சுற்று சுற்றென்று சுற்றினேன். மேஸ்திரி என் தோளைப் பிடித்து இழுத்தான், உதறினேன். நான் சுற்றுவதை நிறுத்தியதும், இரண்டு மூச்சு விடுகிற நேரத்துக்குள், பெட்டியில் மணி அடித்தது. பூந்தமல்லியிலிருந்து பதில் மணி. போனை எடுத்துத் துரையின் காதில் வைத்தேன், வெள்ளைக்காரன் காதில், என் கையால். அவர் கேட்டார். ஒன்றும் இல்லை. வைத்தேன், மறுபடி சுற்றினேன், மறுபடி மணி வந்தது. மறுபடி காதில் வைத்தேன், மறுபடி ஒன்றும் இல்லை. நேற்றே சேர்த்தாகிவிட்டது என்று சொன்ன கம்பியில் இன்றைக்கும் மணி வருகிறது, பேச்சு வரவில்லை, அப்படியானால் நேற்று அறுந்தது எது? இதற்கு எந்த இங்கிலீஷும் தேவைப்படவில்லை.

துரை எழுந்தார். மேஸ்திரி ஏதோ சொல்ல வாயெடுத்தபோது கையைக் காட்டி அடக்கினார். சுவரில் இருந்த வரைபடத்தின் முன்னால் போய் நின்று, ஆவடியில் விரலை வைத்து மெல்ல இழுத்துக்கொண்டு போனார். விரல் எங்கள் ஏரிக்கு வந்தது. அங்கேயே நின்றது. ரொம்ப நேரம் நின்றது. என்னைத் திரும்பிப் பார்த்தார். அவருக்கு எல்லாம் புரிந்துவிட்டது, சத்தியமாகச் சொல்கிறேன், நீளமும் புரிந்தது, வளைவும் புரிந்தது, அந்த வளைவு எதற்கு என்பதும் புரிந்தது. கழுத்து வரைக்கும் சிவந்தது. நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன், முட்டாள்.

அவர் மேஸ்திரியைக் கூப்பிட்டுத் தாழ்ந்த குரலில் பேசினார். மேஸ்திரி என்னை வெளியே கூட்டி வந்து சொன்னான். உன் ஆளை விட்டுவிடுகிறார்கள், போலீஸ் வேண்டாம், ஜெயில் வேண்டாம். ஒரு காகிதத்தில் கைநாட்டு மட்டும் வைக்க வேண்டும். ஏர் ஓட்டும்போது தெரியாமல் கம்பியை அறுத்துவிட்டேன், இனிமேல் செய்ய மாட்டேன் என்று. கம்பி அறுபட்டதென்று பெரிய துரைக்கு நேற்றே எழுதி அனுப்பியாகிவிட்டது, அதற்கு மேல் மாற்ற முடியாது, ஆகவே யாராவது அறுத்திருக்கத்தான் வேண்டும். வண்டி வருவதற்குள் வைத்தால் விடுதலை, இல்லாவிட்டால் வண்டி.

மாமாவை அடைத்திருந்த அறைக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போனார்கள். அரிசி மூட்டை வைக்கிற அறை. அவர் தரையில் உட்கார்ந்திருந்தார். முகத்தில் ஒரு பக்கம் வீங்கி, கண் பாதி மூடியிருந்தது. மேஸ்திரி காகிதத்தையும் மைப் பெட்டியையும் கீழே வைத்தான். நான் விஷயத்தைச் சொன்னேன். மணி அடித்ததை, துரை வரைபடத்தில் விரல் வைத்ததை, எல்லாம் சொன்னேன். நல்ல சேதி கொண்டுவந்தவன் போலத்தான் சொன்னேன்.

"அப்ப அவுனுக்கு தெரிஞ்சிட்சா, நான் அறுக்கலன்னு?" என்றார்.

தெரிந்துவிட்டது மாமா என்றேன்.

"தெரிஞ்சப்பறம் எதுக்கு மச்சான் கைநாட்டு? நான் பொதைச்சி வச்சேன் அந்த கம்பிய. அறுத்தேன்னு என் கையால வைக்க மாட்டேன்."

சொல்லிவிட்டு வலது கையை மூடிக்கொண்டார். கட்டை விரலை உள்ளே வைத்து, நாலு விரலையும் மேலே மடக்கி. மேஸ்திரி கெஞ்சினான், மிரட்டினான். அவனுக்கும் அந்தக் கைநாட்டு வேண்டியிருந்தது, இல்லாவிட்டால் அவன் பொய் பெரிய துரை வரைக்கும் வெளியே வந்துவிடும். மாமா சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் காலைப் பிடித்துக்கொண்டேன். அக்கா வாசலில் நிற்கிறாள், குழந்தை வெயிலில் இருக்கிறது, பட்டணத்துக்குப் போனால் நீங்கள் திரும்பி வர மாட்டீர்கள், இது வெறும் காகிதம் என்றேன். வெறும் காகிதமா இருந்தால் அவனுக்கு எதற்கு வேண்டும் என்றார். வெளியே லாரி சத்தம் கேட்டது. போலீஸ் வண்டியோ வேறு எதுவோ, எனக்கு அன்றைக்கும் தெரியாது, இன்றைக்கும் தெரியாது.

எனக்கு வெறி வந்துவிட்டது. துரை மேல் வர வேண்டிய வெறி, மேஸ்திரி மேல் வர வேண்டிய வெறி, எல்லாம் சேர்ந்து அந்த மனுஷன் மேல் வந்தது. என்ன பிடிவாதம் இது, உன்னைக் காப்பாற்றத்தானே நான் நாயாய் அலைகிறேன் என்று கத்திவிட்டு, அவர் மணிக்கட்டை என் முழங்காலுக்கு அடியில் வைத்து அழுத்தினேன். விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தேன். ஏர் பிடித்த கை, சும்மா பிரியவில்லை. கடைசியில் கட்டை விரல் வெளியே வந்தது. மையில் வைத்து, காகிதத்தில் உருட்டினேன். அவர் அப்போது கத்தவில்லை, என்னை அடிக்கவும் இல்லை. மேஸ்திரி காகிதத்தை எடுத்து ஊதிக் காயவைத்துக்கொண்டு போனான்.

வாசலில் அவரைப் பார்த்ததும் அக்கா என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். உள்ளே நடந்தது அவளுக்குத் தெரியாது. மூன்று பேரும் ஊருக்கு நடந்தோம்.

அடுத்த வாரமே பருத்திப்பட்டு வழியாக நேர்க்கம்பி இழுக்கச் சொல்லி உத்தரவு வந்தது. ஆறு டிரம். அதே மெல்லிசுக் கம்பி. நான்தான் இழுத்தேன். பூந்தமல்லியில் பெட்டியை மாட்டிக் கூப்பிட்டதும் ஆவடி குமாஸ்தாவின் குரல் கொசு அளவுக்காவது வந்து சேர்ந்தது, நடுவில் ஒருத்தர் தயவும் இல்லாமல். ஏரிக்கரைப் போனுக்குத் தனியாக வேறு கம்பி விட்டார்கள், வாத்து பாக்கி இருந்ததே. மேஸ்திரியை மெச்சி ஒரு கடுதாசி வந்ததாகவும் கேள்வி. எனக்கு எரிந்த எரிச்சலில் வேலையை அன்றைக்கே விட்டுவிட்டேன், ஆனாலும் உள்ளுக்குள் ஒரு குறுகுறுப்பு. மாமா சொன்னதுதான் சரி என்று துரையே ஒப்புக்கொண்டு கம்பியை மாற்றிவிட்டாரே. அதைச் சொல்ல அவர் வயலுக்கு ஓடினேன்.

அவர் வரப்பைச் சரிசெய்துகொண்டிருந்தார். பழைய கம்பியைப் பிடுங்கிக்கொண்டு போனவர்கள் அவர் கட்டிய வரப்பை அப்படியே பெயர்த்துப் போட்டிருந்தார்கள். நான் மூச்சுவிடாமல் எல்லாவற்றையும் சொன்னேன். நேராகப் போட்டுவிட்டார்கள் மாமா, தப்பு அவர்களுடையது என்று ஊருக்கே தெரிந்துவிட்டது என்றேன்.

"காயிதத்துல இன்னா கீது?" என்று கேட்டார்.

நான் கீழே கிடந்த மண்கட்டி ஒன்றை எடுத்து வரப்பில் வைத்தேன்.

"அவுனுங்க ராத்திரி பூரா கைநாட்டு கேட்டு அடிச்சானுங்க மச்சான். கைய தொறக்கல நான். தொறந்தது நீ" என்றார்.

சொல்லிவிட்டு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு அடுத்த வரப்புக்குப் போனார்.